இருபது வருட அனுபவத்துக்குப் பிறகு மேற்படிப்பு வகுப்பறையை மாற்றுமா?

கேள்வி கேட்டிருப்பவர் ஒரு கணித ஆசிரியர். இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்துகிறார். பாடம் கைவசம், வகுப்பும் கட்டுக்குள் இருக்கிறது, மதிப்பெண்களும் மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் அதே பாடத்தை அதே வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது என்கிறார். இந்த நேரத்தில் கல்வியியலில் முதுநிலைப் படிப்பு சேர்ந்தால் வகுப்பில் உண்மையிலேயே ஏதாவது மாறுமா, சான்றிதழோடு நின்றுவிடுமா என்று கேட்கிறார். அப்புறம், பயிற்சிகளில் 'உங்கள் வகுப்பைத் திரும்பிப் பார்த்து எழுதுங்கள்' என்று தாள் கொடுக்கிறார்களே, அதை நிரப்புவதால் யாருக்கு என்ன பயன் என்பதும் அவர் கேள்வியில் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பழகிப்போன கைக்குப் புதிதாகக் கற்க முடியுமா, அப்படிக் கற்றது மாணவர்கள் வரை போய்ச் சேருமா என்பதுதான் அவர் மனதில் இருப்பது என்று நினைக்கிறேன். நான் பல வருடங்கள் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, பிறகு பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் வேலைக்கு வந்தவன். அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலையின் பெரும்பகுதி. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்: படிப்பு தானாக எதையும் மாற்றாது. படித்ததைத் தன் வகுப்பின் மேல் வைத்துப் பார்க்கும் உழைப்பு கூடவே நடந்தால் மாற்றும். அப்போதும் முதலில் மாறுவது கற்பிக்கும் முறை இல்லை, ஆசிரியரின் கண்ணுக்கு எது படுகிறது என்பதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே, கேள்வி கேட்டவரிடமே நேராகச் சொல்கிறேன்.

முதலில் பட்டத்தின் கணக்கு. முதுநிலைப் பட்டம் பெற்ற ஆசிரியரின் மாணவர்கள் கூடுதலாகக் கற்கிறார்களா என்று அமெரிக்காவில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பொதுவாகக் கிடைத்த விடை: பட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் மாணவர்களின் தேர்ச்சியில் சொல்லத்தக்க வித்தியாசம் தெரிவதில்லை. ஒரு விதிவிலக்கு உங்களுக்கு ஆர்வமூட்டும். கோல்டுஹேபர், புரூவர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1990களில் செய்த ஆய்வில், பொதுவான முதுநிலைப் பட்டம் வித்தியாசம் காட்டவில்லை, ஆனால் கணித ஆசிரியர் கணிதத்திலேயே மேற்படிப்பு படித்திருந்தால் அவருடைய மாணவர்கள் கணிதத்தில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். அங்கே பல இடங்களில் எந்தத் துறையில் முதுநிலை முடித்தாலும் சம்பளம் உயரும். அதனால் வகுப்புக்குத் தொடர்பே இல்லாத பட்டங்களும் அந்தக் கணக்கில் கலந்திருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் சிலர் ஃபின்லாந்தைக் காட்டுவார்கள். அங்கே 1979 முதல் பள்ளி ஆசிரியர்களுக்கு முதுநிலைப் பட்டம் கட்டாயம். ஆனால் அங்கே ஆசிரியர் படிப்பில் இடம் கிடைப்பதே கடினம், கிடைத்தவருக்கு வகுப்பில் சுதந்திரம் அதிகம், மற்ற சூழலும் வேறு. அந்த நாட்டின் கல்விக்குப் பெயர் வந்தது பட்டத்தால்தான் என்று தனியாகப் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆகவே சான்றிதழோடு நின்றுவிடுமோ என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது.

'இனிமேல் காலம் கடந்துவிட்டதா' என்ற பயம் மட்டும் வேண்டாம். ஆசிரியர்கள் முதல் சில வருடங்களில் வேகமாக வளர்ந்து, அதற்குப் பிறகு அப்படியே நின்றுவிடுகிறார்கள் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. முதல் வருடங்களில் வளர்ச்சி வேகம் என்பது உண்மைதான். ஆனால் பாப்பே, கிராஃப்ட் என்ற இரு அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு, அதன் பிறகும் முன்னேற்றம் தொடர்கிறது என்று காட்டியது. அதற்கு முந்தைய வருடம் அதே இருவர் வெளியிட்ட இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியம். சக ஆசிரியர்கள் ஒத்துழைக்கிற, தலைமை துணை நிற்கிற பள்ளிகளில் இருப்பவர்கள் பத்து வருடத்தில், ஆதரவு குறைவான பள்ளிகளில் இருப்பவர்களைவிட ஏறத்தாழ 38 சதவீதம் அதிகம் முன்னேறியிருந்தார்கள். அனுபவசாலி தேங்குவதற்கு வயதைவிடச் சூழல் பெரிய காரணம் என்று அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, தேக்கம் எப்படி வருகிறது? வகுப்பறை மிக வேகமான இடம். ஒரு பாடவேளைக்குள் ஆசிரியர் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளுக்குக் கணக்கே இல்லை. யாரை எழுப்புவது, எந்தப் பதிலை ஏற்பது, எதைக் காதில் வாங்காமல் நகர்வது, எப்போது கரும்பலகைப் பக்கம் திரும்புவது. இவை எல்லாவற்றையும் யோசித்துச் செய்தால் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் கைக்கும் வாய்க்கும் பழக்கம் ஏறிவிடுகிறது. இது நல்லதுதான், பழக்கம் ஏறாத புது ஆசிரியர் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிக்கல் எங்கே என்றால், பழக்கம் ஏறும்போது கூடவே ஒரு வடிகட்டியும் ஏறிவிடுகிறது. 'தப்பு' என்று காதில் விழுந்தவுடன் மனம் சரியான விடையைத் தேடி அடுத்த மாணவரிடம் தாவுகிறது. அந்தத் தப்புக்குள் என்ன யோசனை இருந்தது என்று கேட்கும் இடமே வருவதில்லை. இந்தப் பழக்கத்தில் பாதி நாம் ஆசிரியர் ஆவதற்கு முன்பே வந்தது. டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இல் சுட்டிக்காட்டியதுபோல, பள்ளிப்படிப்பை முடிக்கும்போது ஒரு மாணவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பார்த்தது முழுக்க வெளித்தோற்றம். ஆசிரியர் ஏன் அப்படிச் செய்தார் என்பது மாணவரின் இருக்கையிலிருந்து தெரியாது. எத்தனை பட்டறைகள் வந்து போனாலும் அசையாமல் இருப்பது பெரும்பாலும் அந்த மணி நேரங்களில் உள்ளே போனதுதான்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் காத்திருக்கும் நேரம். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றினார்கள், வேறு மாணவரைக் கூப்பிட்டார்கள், அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். மாணவர் பதில் சொல்லி வாய் மூடியதும் ஒரு வினாடிக்குள் ஆசிரியரின் பேச்சு தொடங்கிவிட்டது. இந்த இரண்டு இடைவெளிகளையும் மூன்று வினாடி அளவுக்கு நீட்டியபோது பதில்கள் பல மடங்கு நீண்டன. 'தெரியாது' என்பதும் பதிலே வராமல் போவதும் குறைந்தன. மாணவர்கள் காரணம் சொல்லத் தொடங்கினார்கள், தாங்களாகக் கேள்வி கேட்டார்கள். ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளும் எண்ணிக்கையில் குறைந்து வகையில் கூடின. சில மாணவர்களைப் பற்றி ஆசிரியர் வைத்திருந்த எதிர்பார்ப்பே மாறியது. 1970களில் வந்த கண்டுபிடிப்பு இது. கல்வியியல் படித்த எல்லோரும் எங்கோ ஒரு இடத்தில் படித்திருப்பார்கள்.

ஆனாலும் இன்றைக்கும் வகுப்பில் போய் உட்கார்ந்தால் அதே ஒரு வினாடிதான். அனுபவம் அதிகமுள்ளவர்களிடம் சில சமயம் அதுகூட இல்லை. விடை வரப்போகும் பெஞ்ச் எது என்று அவர்களுக்குத் தெரியும், அங்கேயே கண் போகிறது. இதை அவர்களிடம் வாயால் சொன்னால் நம்புவதில்லை, 'நான் நேரம் கொடுக்கிறேனே' என்பார்கள். பொய் சொல்லவில்லை, நேரம் கொடுப்பதாகவே மனப்பூர்வமாக நினைக்கிறார்கள். கேள்வி கேட்டுவிட்டு வகுப்பின் முன் நிற்பவருக்கு ஒரு வினாடி மௌனமே நீளமாகத்தான் படும். தன் வகுப்பின் பத்து நிமிட ஒலிப்பதிவை அவர்களே கேட்டு, ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் எத்தனை வினாடி என்று தாளில் குறிக்கும்போதுதான் முகம் மாறுகிறது. ஆய்வைப் படித்ததும் மாற்றவில்லை, தன் வகுப்பைப் பற்றி நினைவிலிருந்து யோசித்ததும் மாற்றவில்லை. படித்தது கொடுத்த அளவுகோலைத் தன் வகுப்பின் பதிவின் மேல் வைத்தபோது மாறியது. மேற்படிப்பு ஒரு அனுபவசாலிக்குச் செய்யக்கூடியதன் சாரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். லீ ஷுல்மன் என்ற கல்வி உளவியலாளர் 1986இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பாடம் தெரிவது ஒன்று, கற்பிக்கும் உத்திகள் தெரிவது இன்னொன்று, இரண்டும் இருந்தால் போதாது. ஒரு குறிப்பிட்ட பாடப்பொருளை மாணவர் எங்கே எப்படித் தவறாகப் புரிந்துகொள்வார், அதற்கு எந்த உதாரணம் கைகொடுக்கும் என்று தெரிவது தனியான ஒரு அறிவு என்றார். இதன் அருமையை 1999இல் வெளிவந்த லிப்பிங் மாவின் ஆய்வு காட்டியது. அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும் தொடக்கநிலைக் கணிதம் பற்றிப் பேட்டி எடுத்தார். கேட்டவற்றில் ஒன்று: 1¾ ஐ ½ ஆல் வகுத்து, அதற்குப் பொருந்தும் ஒரு கதைக்கணக்கும் சொல்லுங்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிக்கும் குறைவானவர்களே விடையைச் சரியாகப் போட்டார்கள். பொருந்தும் கதை சொல்வதில் ஏறக்குறைய எல்லோருமே சிக்கினார்கள். சீன ஆசிரியர்கள் எல்லோரும் விடையைச் சரியாகப் போட்டார்கள், பெரும்பாலோர் கதையும் சொன்னார்கள். இத்தனைக்கும் சீன ஆசிரியர்களின் முறையான படிப்புக்காலம் குறைவு. வேலைக்கு வந்த பிறகு பாடநூலை வரிக்கு வரி சேர்ந்து படிப்பது, ஒருவர் வகுப்பை மற்றவர் பார்ப்பது, ஒரே கணக்குக்குப் பல வழி தேடுவது என்று தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். சிறு எண்ணிக்கைதான், இரண்டு நாடுகளைப் பற்றி முடிவு கட்ட அது போதாது. ஆனால் பட்டம் வேறு, படிப்பு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தக் கணக்கையே பாருங்கள். 'பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு' என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம், விடை 3½ வந்துவிடும். கதை சொல்லச் சொன்னால் பலர் 1¾ ஐ இரண்டு பேருக்குச் சமமாகப் பிரிக்கும் கதையைச் சொல்வார்கள். அது 2 ஆல் வகுப்பது, விடை ⅞. சரியான கதை, 1¾ மீட்டர் நாடாவில் அரை மீட்டர் துண்டுகள் எத்தனை வெட்டலாம் என்பது. மூன்று துண்டு வெட்டியதும் கால் மீட்டர் மிஞ்சும். இங்கே ஒரு மாணவர் '3¼' என்பார். தப்பு என்று கடந்துபோனால் அதோடு முடிந்தது. நின்று கேட்டால் அவர் மிஞ்சியதை மீட்டரில் அளக்கிறார் என்பது தெரியும். கேள்வி கேட்பதோ துண்டுகளின் எண்ணிக்கையை, அரை மீட்டர் துண்டில் கால் மீட்டர் என்பது அரைத்துண்டு. எந்த அலகில் அளக்கிறோம் என்ற இந்த ஒரு புள்ளிக்குள் பின்ன வகுத்தல் முழுக்க அடங்கியிருக்கிறது. அந்த மாணவர் யோசிக்காமல் சொல்லவில்லை, சூத்திரத்தை மனப்பாடம் செய்து 3½ என்றவரைவிட அவர் கணக்கின் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கிறார். பாடப்பொருளை ஆழமாகத் திரும்பப் படித்த ஆசிரியருக்கு இந்த 3¼ காதில் விழும். சலிப்புக்கு இதுபோன்ற மருந்தை நான் பார்த்ததில்லை. பாடம் அதேதான், ஆனால் ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிற மாணவர்கள் என்ன யோசிக்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்துவிட்டால் எந்த வகுப்பும் போன வருட வகுப்பாக இருக்காது.

இப்போது 'திரும்பிப் பார்த்து எழுதுங்கள்' என்ற தாளுக்கு வருவோம். இந்த யோசனைக்கு நல்ல வேர் உண்டு. ஒரு நம்பிக்கையை அதன் ஆதாரத்தோடு சேர்த்து விடாமல் எண்ணிப் பார்ப்பதே சிந்தனை என்று ஜான் டூயி 1910இலேயே எழுதினார். தொழில் வல்லுநர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே எப்படி யோசிக்கிறார்கள், முடித்த பிறகு எப்படி யோசிக்கிறார்கள் என்று டொனால்டு ஷோன் 1983இல் பிரித்துக் காட்டினார். எதிர்பாராதது நடக்கும்போதுதான் வல்லுநரின் யோசனை விழிக்கிறது என்பது அவர் சொன்னதன் மையம். நம் கைக்கு வருகிற தாளில் இந்த எதிர்பாராதது இருப்பதில்லை. 'இன்று எது நன்றாக நடந்தது, அடுத்த முறை எதை மாற்றுவீர்கள்' என்று இரண்டு கட்டம். அதற்கு மதிப்பெண்ணோ மேலதிகாரியின் கையெழுத்தோ உண்டென்றால், எழுதுபவர் எதிர்பார்க்கப்படுவதைத்தான் எழுதுவார். அப்படி நிரப்பிய தாள் வகுப்பை மாற்றி நான் பார்த்ததில்லை. நேர்மையாக எழுதினாலும் நினைவிலிருந்து எழுதுவதில் ஒரு வரம்பு இருக்கிறது. கவனிக்காதது நினைவில் இருக்காது, நினைவில் இல்லாதது தாளில் வராது.

எனவே எதை முன்னால் வைத்துக்கொண்டு யோசிக்கிறோம் என்பதுதான் கேள்வி. ஒரு வீடியோத் துண்டு, மாணவர்களின் நோட்டு, ஒரு உரையாடலை அப்படியே எழுத்தில் இறக்கிய பக்கம், இப்படி ஏதாவது ஒன்று மேஜைமேல் இருக்க வேண்டும். மிரியம் ஷெரின், எலிசபெத் வான் எஸ் இருவரும் ஆசிரியர் குழுக்களைக் கூட்டி, அவர்களுடைய வகுப்பு வீடியோக்களைச் சேர்ந்து பார்க்க வைத்தார்கள். தொடக்கத்தில் பேச்செல்லாம் ஆசிரியர் என்ன செய்தார், வகுப்பு எப்படி நடந்தது என்பதைச் சுற்றியே இருந்தது. கூட்டங்கள் தொடரத் தொடர, இந்த மாணவர் என்ன சொல்ல வந்தார், அவர் யோசனை எப்படிப் போகிறது என்று பேச்சு திரும்பியது. மதிப்பிடுவது குறைந்து, பொருள் தேடுவது கூடியது. நான் நடத்தும் குழுக்களிலும் இதே நகர்வைப் பார்க்கிறேன். சாதாரணமாக முதல் சில கூட்டங்கள் வரை எல்லோரும் வீடியோவில் தங்கள் குரலையும் நடையையும்தான் பார்ப்பார்கள். அது அடங்கிய பிறகுதான் மாணவர்கள் கண்ணில் படுவார்கள். அதனால் ஒரு தடவை பதிவு செய்து பார்த்துவிட்டு 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று விட்டுவிடாதீர்கள்.

தனியாகத் தொடங்க ஒரு வழி சொல்கிறேன். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 'என் வகுப்பில் யார் பேசுவதே இல்லை' என்பதுபோல, எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். வகுப்புக்கு முன்னால் உங்கள் ஊகத்தை எழுதி வையுங்கள். பத்து நிமிடம் பதிவு செய்து எண்ணுங்கள். ஊகத்துக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுடைய பாடம். விடைத்தாள்களிலும் இதைச் செய்யலாம். மதிப்பெண் போடுவதை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டு, ஒரே கேள்விக்கான விடைகளைச் சரி, தப்பு என்று பிரிக்காமல், யோசனை எப்படிப் போயிருக்கிறது என்பதை வைத்து அடுக்கிப் பாருங்கள். சரியான விடைகளுக்குள்ளேயே இரண்டு மூன்று வெவ்வேறு புரிதல்கள் இருப்பதைப் பார்ப்பீர்கள், அவற்றில் ஒன்று அடுத்த பாடத்தில் உடையப்போவது. இதில் ஒரு சக ஆசிரியர் சேர்ந்தால் பலன் கூடும். ஸ்டீபன் புரூக்ஃபீல்டு ஆசிரியர் தன்னைப் பார்க்க நான்கு கண்ணாடிகள் வேண்டும் என்கிறார்: தன் சொந்த அனுபவம், மாணவர்களின் கண், சக ஆசிரியர்களின் கண், ஆய்வு எழுத்துகள். பெரும்பாலோர் முதல் கண்ணாடியோடு நின்றுவிடுகிறோம். நல்ல மேற்படிப்பு மற்ற மூன்றையும் கையில் எடுக்க வைக்கும்.

ஜப்பானிய ஆசிரியர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகச் செய்துவரும் பாட ஆய்வு இதற்கு ஒரு முழுமையான வடிவம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள், மாணவர்கள் என்னென்ன பதில் சொல்லக்கூடும் என்று முன்கூட்டியே எழுதுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் மாணவர்களைக் கவனித்துக் குறிப்பெடுப்பார்கள், பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். கவனிப்பு ஆசிரியர் மேல் இல்லாமல் மாணவர்கள் மேல் இருப்பதால், நடத்தியவர் தற்காப்புக்குப் போக வேண்டியதில்லை. அனுபவசாலிகளுக்கு இது பெரிய விஷயம். இருபது வருடம் நடத்தியவர் தன்னை யாரோ மதிப்பிட வந்திருப்பதாக உணர்ந்தால் அன்றைக்குக் காட்சிப்பாடம்தான் நடக்கும்.

உங்கள் கேள்வியில் 'எனக்கு இந்தப் புது முறைகளில் நம்பிக்கை வரவில்லை' என்று ஒரு வரி இருந்தது. நம்பிக்கை முதலில் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாமஸ் கஸ்கி 1986இல் வைத்த வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆசிரியரின் மனதை மாற்றினால் வகுப்பு மாறும் என்று பயிற்சிகள் நினைக்கின்றன. நடப்பது பெரும்பாலும் வேறு வரிசை: சின்னதாக ஒன்றைச் செய்து பார்க்கிறார், மாணவர்களிடம் வித்தியாசம் தெரிகிறது, அதன் பிறகுதான் நம்பிக்கை மாறுகிறது. உங்கள் சந்தேகத்தை வைத்துக்கொண்டே தொடங்கலாம், அது ஒரு தகுதிக்குறைவு இல்லை.

இனி உறுதியில்லாத பகுதி. பணியிடைப் பயிற்சிகள் மாணவர்களின் கற்றலை உயர்த்துகின்றனவா என்பதற்கான சான்று, பயிற்சி நடத்துபவர்கள் சொல்வதைவிட மெலிந்தது. 2007இல் யூன் குழுவினர் 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசியபோது, கண்டிப்பான சான்றுத் தரத்தை எட்டியவை 9 மட்டும். அந்த ஒன்பதில் பலன் நன்றாகவே இருந்தது, 14 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ நடந்த பயிற்சிகளில் பலன் தெரியவில்லை. அடுத்து வந்த சில பெரிய சோதனைகளில் ஆசிரியர்களின் அறிவு கூடியது, சில நடைமுறைகளும் மாறின, ஆனால் மாணவர்களின் தேர்வு முடிவு அசையவில்லை. வகுப்புக்கே வந்து பார்த்துப் பேசும் தனிப்பட்ட வழிகாட்டலுக்குச் சான்று மேலானது. கிராஃப்ட் குழுவினர் 2018இல் 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கற்பித்தலில் தெளிவான முன்னேற்றமும் மாணவர் தேர்ச்சியில் அதைவிடச் சிறிய முன்னேற்றமும் தெரிந்தன. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் சுருங்கியது. தன் வகுப்பைத் தானே திரும்பிப் பார்க்கும் சுயபரிசீலனையைத் தனியாகப் பிரித்து, அதனால் மட்டும் மாணவர்கள் இவ்வளவு முன்னேறினார்கள் என்று அளப்பது இன்னும் கடினம். ஆசிரியர் மாறுவதை நான் கண்ணால் பார்க்கிறேன், ஆனால் நான் பார்ப்பவர்கள் தாங்களாகவே விரும்பிப் படிக்க வந்தவர்கள். அவர்களை வைத்து எல்லா ஆசிரியர்களையும் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இன்னொன்று, நீங்கள் சலிப்பு என்று சொல்வது சலிப்புதானா, சோர்வா என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் வகுப்பைப் பார்க்காமல் இதை நான் சொல்ல முடியாது. பாடத்தில் புதிதாக எதுவும் இல்லை என்று தோன்றினால் படிப்பு உதவும். ஆனால் நோட்டு திருத்தல், பதிவேடு, கூட்டம், கூடுதல் வகுப்பு என்று மூச்சுவிட நேரமில்லாமல் களைத்திருந்தால், அதன் மேல் ஒரு படிப்பையும் ஏற்றுவது நிலைமையை மோசமாக்கும். அதற்கு வேலைச்சுமை குறைய வேண்டும், அதை எந்தப் பாடத்திட்டமும் தராது. மைக்கேல் ஹூபர்மன் சுவிட்சர்லாந்தில் 160 ஆசிரியர்களின் பணி வாழ்க்கையை ஆராய்ந்தபோது கண்ட ஒன்று இங்கே பொருந்தும். பணியின் பிற்காலத்தில் நிறைவோடு இருந்தவர்களில் பலர், தங்கள் சொந்த வகுப்பில் சின்னச் சின்ன மாற்றங்களைத் தொடர்ந்து செய்து பார்த்தவர்கள். பள்ளி முழுவதையும் மாற்றும் பெரிய சீர்திருத்தங்களில் மூழ்கி உழைத்தவர்களிடம் கசப்பு அதிகம் இருந்தது. பட்டம் முடித்து வருபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே பள்ளியையே மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு வகுப்பு, ஒரு பாடம் என்று தொடங்குங்கள் என்பேன்.

தொடங்கும்போது கொஞ்ச நாள் சரிவும் இருக்கும், இதைப் பயிற்சிகளில் யாரும் சொல்வதில்லை. மௌனத்துக்கு இடம் கொடுத்தால் முதலில் வகுப்பில் சலசலப்பு வரும். மாணவர்களின் யோசனையைக் கேட்கத் தொடங்கினால் போர்ஷன் தள்ளிப்போகும். உங்கள் கை பழகிய வேகம் போய், புது ஆசிரியர்போலத் தடுமாறுவீர்கள். மாணவர்களும் விடையைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் பழைய முறை பழகியிருக்கிறது. நான் பார்த்தவரை பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, ஒரு பருவத்துக்கு ஒரு பாடப்பகுதியில் மட்டும் முயல்வதாகச் சொல்லிவிட்டால் அழுத்தம் குறையும்.

கடைசியாக, சேர்வதா வேண்டாமா. படிப்பு நடத்துபவர்களிடம் சில கேள்விகள் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஒப்படைப்புகள் நான் இப்போது நடத்தும் வகுப்பை வைத்துச் செய்ய வேண்டியவையா, நூலகத்தில் உட்கார்ந்து முடித்துவிடக்கூடியவையா? யாராவது என் வகுப்புக்கு வந்து பார்ப்பார்களா, அல்லது என் வீடியோவையாவது பார்த்துப் பேசுவார்களா? அமெரிக்காவில் ஆசிரியப் பணியின் தரத்துக்காக 1987இல் தொடங்கப்பட்ட தேசிய வாரியத்தின் சான்றிதழுக்கு, அனுபவமுள்ள ஆசிரியர்கள் தங்கள் வகுப்பு வீடியோவையும் மாணவர்களின் வேலைகளையும் வைத்து, ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்கி எழுத வேண்டும். அந்த மாதிரி ஏதாவது உங்கள் படிப்பில் இருக்கிறதா? கணிதம் கற்பிப்பது பற்றிய தாள்கள் எத்தனை, எல்லாப் பாடத்துக்கும் பொதுவான தாள்கள் எத்தனை? கூடப் படிப்பவர்களும் பணியில் இருக்கும் ஆசிரியர்களா? இவற்றுக்கு நல்ல பதில் கிடைத்தால் வயதைப் பார்க்காமல் சேருங்கள். கிடைக்காவிட்டால், அதே இரண்டு வருடத்தை உங்கள் பாடத்தின் இரண்டு மூன்று ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு, மாதம் ஒரு பாடத்தை எடுத்து, விடைத்தாள்களையும் வீடியோவையும் வைத்துப் பேசுவதற்குச் செலவிடலாம். பட்டமும் சம்பள உயர்வும் அதில் கிடைக்காது, வகுப்பில் தெரியும் மாற்றம் அதில்தான் அதிகம் இருக்கும் என்பது என் கணிப்பு.